‘லே-ஆப்’ வேறு, ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ வேறு!

மில் கேட்டில் ஒரு நோட்டீசு ஒட்டுகிறார்கள். டைப் அடித்த இங்கிலீஷ் எழுத்து; அடியில் மானேஜரின் கையெழுத்து. ஷிப்டு முடிந்து வெளியே வருகிற தொழிலாளி நின்று பார்க்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று டைம் ஆபீசில் கேட்கிறார். “ஒன்றுமில்லை, கொஞ்ச நாளைக்கு வேலை கிடையாது. கூப்பிட்டு அனுப்புவோம், போ” என்று பதில் வருகிறது. அவரும் தூக்குச் சட்டியை எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

அந்த நோட்டீசில் இருந்த சொல் என்ன? ‘லே-ஆப்’ என்றிருந்ததா, ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்றிருந்ததா?

“எந்தச் சொல்லாக இருந்தால் என்ன? இரண்டுக்கும் அர்த்தம் வேலை இல்லை என்பதுதானே? இங்கிலீஷ் சொல்லுக்குள் நுணுக்கம் பார்ப்பது வக்கீல்களின் வேலை” என்று சொல்கிறவர்கள் உண்டு. முதலாளிகள் இப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. அவர்களுக்கு அதில் லாபம் இருக்கிறது. நம்மவர்களிலும் சிலர் இப்படிச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நாமும் சொன்னோம். அப்படிச் சொன்னதற்குத் தொழிலாளிகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு காகிதத்தின் கதை

சில வருஷங்களுக்கு முன்பு கோவைப் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். பெயர் வேண்டாம். நூல் மூட்டை கோடவுனில் தேங்கிவிட்டது என்று சொல்லி நோட்டீசு ஒட்டினார்கள். ‘லே-ஆப்’ என்றுதான் அதில் எழுதியிருந்தது. முதல் வாரம் தொழிலாளிகள் தினமும் கேட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து வந்தார்கள். இரண்டாவது வாரம் ஆபீசிலிருந்து ரொம்ப அன்பாகச் சொன்னார்கள்: “தினமும் பஸ் சார்ஜு எதற்கு? வீட்டிலேயே இருங்கள். வேலை வந்ததும் ஆள் அனுப்புகிறோம்.” ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் அது. ஆனால் நம் தோழர்கள் நம்பினார்கள்.

நாற்பத்தைந்து நாள் கழிந்தது. வீடு தேடி ரிஜிஸ்டர் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். பாங்கில் கொஞ்சம் பணமும் விழுந்தது. பழைய நோட்டீசு போல இதுவும் ஒன்று என்று எண்ணி, காத்திருந்தார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு சைடர் தோழர் சங்க ஆபீசுக்கு வந்தார். பதினெட்டு வருஷம் ரிங் பிரேமில் நின்றவர். ரேஷன் கார்டுக்குள் மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். “ஏனுங்க தோழர், மில்லுக்குள்ள வேன் வேனா புது ஆளுக போறாங்களாமே? எங்களுக்கு எப்பங்க சங்கு ஊதும்?” என்று கேட்டார்.

வாங்கிப் படித்தோம். அதில் ‘லே-ஆப்’ என்ற சொல்லே இல்லை. ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்று இருந்தது. வேலைக்குக் கூப்பிடுகிற சீட்டு என்று நினைத்து நாலு மாதம் அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, அவரை வேலையிலிருந்து வெட்டிய சீட்டு!

தவறு அவருடையதல்ல. முதல் நோட்டீசு ஒட்டிய அன்றே நாமும் கேட்டில் நின்று அதைப் படித்தோம். ஒரு கண்டனக் கூட்டம் போட்டோம், முதலாளித்துவம் ஒழிக என்று கோஷம் போட்டோம், கலைந்தோம். ‘இது லே-ஆப், தினமும் கேட்டில் ஆஜராகுங்கள், நாற்பத்தைந்தாவது நாள் விழித்திருங்கள், எந்தத் தபால் வந்தாலும் முதலில் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்’ என்று நாலு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு லேபர் ஆபீசுக்கு அலைந்து கணக்கில் குறைத்திருந்த பணத்தை வாங்கிக் கொடுத்தோம். வேலையை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. இந்தச் சுயவிமர்சனத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

மாட்டை அவிழ்த்துக் கட்டுவதும், சந்தைக்கு ஓட்டுவதும்

இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் விவசாயத் தொழிலாளிக்குச் சட்டென்று விளங்கும். உழவு முடிந்தால் மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்துக் கொட்டிலில் கட்டுகிறார்கள். அடுத்த உழவு வரும் வரையில் வேலையில்லை. ஆனாலும் மாடு அந்த வீட்டு மாடுதான். அதற்கு வைக்கோல் போட வேண்டும். இது ‘லே-ஆப்’. அதே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக் கொண்டு போய் விற்றுவிட்டால், கொட்டிலும் இல்லை, வைக்கோலும் இல்லை, அடுத்த உழவும் இல்லை. இது ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’.

சட்டத்தின் பாஷையில் சொன்னால், நிலக்கரி இல்லை, கரண்ட் இல்லை, பஞ்சு இல்லை, சரக்குத் தேங்கிவிட்டது, மிஷின் பழுது என்பன போன்ற காரணத்துக்காக, மஸ்டர் ரோலில் பெயர் உள்ள தொழிலாளிக்கு முதலாளி தற்காலிகமாக வேலை தர முடியாமல் போவது அல்லது தர மறுப்பது ‘லே-ஆப்’. வேலை நின்றது, வேலை உறவு நிற்கவில்லை. பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறது. ஷிப்டு நேரத்துக்கு ஆஜரான தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரவில்லை என்றால், அன்று அவர் லே-ஆப் செய்யப்பட்டதாகவே கணக்கு. லே-ஆப் நாட்களிலும் முதலாளி மஸ்டர் ரோல் வைத்து, ஆஜராகிறவர்களின் பெயரைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ அப்படியல்ல. ஒழுங்கு நடவடிக்கையாகத் தண்டித்து அனுப்புவது தவிர, வேறு எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி ஒரு தொழிலாளியின் வேலையை முடித்துவிடுவது அது. தானாக விரும்பி விலகுவது, வயது முடிந்து ஓய்வு பெறுவது போன்றவை மட்டும் அதில் சேரா. இங்கே பெயரே மஸ்டர் ரோலிலிருந்து அடிக்கப்படுகிறது.

பெயர் இருக்கிறதா, அடிக்கப்பட்டதா? இந்த ஒரு கேள்விதான் இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள சுவர். அந்தச் சுவர் தொழிலாளி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் முதலாளியின் விருப்பம்.

இந்தச் சொற்கள் வந்த வழி

‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ பிரெஞ்சு பாஷையிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொல். வெட்டிக் குறைப்பது என்று பொருள். பிரபுக்கள் வீட்டுச் செலவைக் குறைப்பதற்கும், சர்க்கார்கள் பட்ஜெட்டைக் குறைப்பதற்கும் அதைச் சொன்னார்கள். 1922ல் வெள்ளைக்கார சர்க்கார் இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. ‘இந்திய ரிட்ரெஞ்ச்மெண்ட் கமிட்டி’ என்று அதற்குப் பெயர். செலவைக் குறைக்க வழி சொல்வது அதன் வேலை. செலவைக் குறைப்பது என்றால் என்ன? கவர்னரின் விருந்தையா குறைத்தார்கள்? ஆளைக் குறைத்தார்கள். விறகைக் குறைப்பது போல, எண்ணெயைக் குறைப்பது போல மனிதனையும் ‘செலவு’ என்று எழுதி வெட்டுகிற புத்தி அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

அந்த வெட்டு தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கழுத்துக்கும் வந்தது. 1928ல் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி, ஒர்க்ஷாப்பைப் பொன்மலையில் ஒன்றாகச் சேர்க்கிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களைக் குறைக்கத் திட்டம் போட்டது. அதை எதிர்த்து அந்த வருஷம் ஜூலையில் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அந்தப் போராட்டத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். அன்று ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு தம்பிடி நஷ்ட ஈடு சட்டத்தில் கிடையாது. முதலாளி வெட்டலாம், தொழிலாளி போகலாம். அவ்வளவுதான்.

‘லே-ஆப்’ எளிய சொல். ஒதுக்கி வைப்பது என்ற பொருளில் வந்தது. அமெரிக்காவில் சீசன் முடிந்ததும் தொழிலாளிகளை ஒதுக்கி வைத்து, ஆர்டர் வந்ததும் திரும்பக் கூப்பிடுவதற்கு அந்தச் சொல் வழங்கியது.

1953ல் நமது நாட்டு ஜவுளி மில்களில் சரக்குத் தேங்கியது. மில் முதலாளிகள் லே-ஆப் என்று கதவை மூடத் தொடங்கினார்கள். தொழிலாளர் மத்தியில் கொந்தளிப்பு எழுந்தது. சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. பிறகு அது 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் ஓர் அத்தியாயமாகச் சேர்ந்து, 1953 அக்டோபர் 24 முதல் அமுலுக்கு வந்தது. அன்றுதான் இந்த இரண்டு சொல்லுக்கும் சட்டத்தில் தனித்தனி அர்த்தமும் தனித்தனி விலையும் எழுதப்பட்டன. லே-ஆப் என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி. ரிட்ரெஞ்ச்மெண்ட் என்றால் ஒரு மாத நோட்டீசு அல்லது அதற்கான சம்பளம்; முடித்த ஒவ்வொரு வருஷச் சர்வீசுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம்; கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசை; திரும்ப ஆள் எடுத்தால் வெட்டப்பட்டவருக்கு முதல் உரிமை. முதலாளிகளின் தர்ம சிந்தனையால் வந்தவை அல்ல இவை. பொன்மலையிலிருந்து பம்பாய் வரையில் தொழிலாளர் கொடுத்த அடியின் பலனாக ஏட்டில் ஏறியவை.

கோர்ட்டில் ஒரு சொல் பட்ட பாடு

ஏட்டில் ஏறியதும் முதலாளிகள் சும்மா இருந்தார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ வேலையை முடிப்பது ரிட்ரெஞ்ச்மெண்ட் என்று சட்டம் சொல்கிறது. பார்சி லைட் ரயில்வேயை 1954ல் சர்க்கார் எடுத்துக் கொண்டது. பழைய கம்பெனி எல்லாருக்கும் வேலை முடிவு நோட்டீசு கொடுத்தது. பரோடாவில் ஒரு மில்லை மூடினார்கள். நஷ்ட ஈடு எங்கே என்று தொழிலாளிகள் கேட்டார்கள். 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: நடக்கிற தொழிலில் உபரியான ஆளை அனுப்பினால்தான் ரிட்ரெஞ்ச்மெண்ட், தொழிலையே மூடினாலோ கைமாற்றினாலோ அது ரிட்ரெஞ்ச்மெண்ட் அல்ல!

இந்த நியாயத்தைப் பாருங்கள். பத்துப் பேரை வெட்டினால் பணம் உண்டு. எல்லாரையும் வெட்டினால் பணம் இல்லை! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1957லேயே சட்டத்தைத் திருத்தி, மூடினாலும் கைமாற்றினாலும் நஷ்ட ஈடு உண்டு என்று எழுத வேண்டி வந்தது.

1960ல் பம்பாய் ஆஸ்பத்திரித் தொழிலாளர் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டு இன்னொன்றைச் சொன்னது. நஷ்ட ஈட்டை வெட்டும்போதே கையில் கொடுக்க வேண்டும். ‘பிறகு ஆபீசில் வந்து வாங்கிக் கொள்’ என்றால் அந்த வெட்டுச் செல்லாது.

1976ல் ஒரு வழக்கு. ஸ்டேட் பாங்கில் ஒரு காஷியருக்கு ஒன்பது நாளைக்கு என்று ஆர்டர் கொடுத்தார்கள். அதற்கு முன்பும் விட்டு விட்டு வேலை வாங்கியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் முடிந்தது, நாங்கள் எங்கே வெட்டினோம், ஆர்டர் தானே முடிந்தது என்று பாங்கு வாதாடியது. தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த மந்திரி சபையில் மந்திரியாக இருந்தவர். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்றால் எந்தக் காரணத்துக்காகவும்தான். தேதி போட்டு முடித்தாலும் அது ரிட்ரெஞ்ச்மெண்ட்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். 1990ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் அந்த விரிந்த அர்த்தமே சரி என்றது.

ஆனால் அதற்குள் முதலாளிகள் வேறு வழியில் போய்விட்டார்கள். 1984ல் சட்டத்துக்குள் ஒரு சிறு பிரிவு நுழைந்தது: காண்டிராக்ட் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ரிட்ரெஞ்ச்மெண்ட் ஆகாது. 1976ல் திறந்த கதவை 1984ல் பாதி சாத்தினார்கள். ஒரு சொல்லின் அர்த்தத்துக்காக இத்தனை வருஷம் முதலாளிகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சொல்லில் ஒன்றுமில்லை என்றால் இத்தனை வக்கீல் பீசு எதற்கு?

பேப்பர்காரர்களின் இங்கிலீஷ்

இப்போது இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பாருங்கள். 2022 நவம்பரில் பேஸ்புக் கம்பெனி 11,000 பேரை அனுப்பப் போவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் கூகுள் கம்பெனி 12,000 பேர் என்றது. இவர்களைத் திரும்பக் கூப்பிடுவதாக யாராவது சொன்னார்களா? இல்லை. பெயரை அடியோடு அடித்தார்கள். ஆனால் எல்லாப் பத்திரிகையும் எழுதிய சொல் ‘லே-ஆப்’! அமெரிக்காவில் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் தேய்ந்து, ஒதுக்கி வைப்பது என்பது ஒழித்துக் கட்டுவது என்றாகிவிட்டது.

அந்த நாட்டில் எப்படியாவது வழங்கட்டும். ஆனால் அந்த வழக்கு இங்கே இறக்குமதியாகிறது. இங்குள்ள கம்பெனிகளும் வெட்டுவதை ‘லே-ஆப்’ என்கின்றன. தமிழ்ப் பத்திரிகைகளோ இரண்டையும் ஒரே பானையில் போட்டு ‘ஆட்குறைப்பு’ என்றும் ‘பணிநீக்கம்’ என்றும் எழுதுகின்றன. இதனால் நடப்பது என்ன? வெட்டப்பட்டவர் தான் ‘லே-ஆப்’ ஆனதாக நினைத்து, நஷ்ட ஈடும் வரிசை உரிமையும் கேட்காமல் இருக்கிறார். லே-ஆப் ஆனவர் தான் வெட்டப்பட்டதாக நினைத்து, கேட்டுக்குப் போகாமல் வேறு ஊருக்குப் பிழைக்கப் போகிறார். இரண்டிலும் லாபம் முதலாளிக்கே.

நாற்பத்தைந்து நாள் கணக்கு

இங்கேதான் பித்தலாட்டத்தின் முடிச்சு இருக்கிறது. லே-ஆப் நஷ்ட ஈடு பன்னிரண்டு மாதத்தில் 45 நாளைக்கு மேல் போனால், மேற்கொண்டு தர வேண்டாம் என்று தொழிலாளியோடு ஒப்பந்தம் செய்து கொள்ள முதலாளிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அல்லது அந்த 45 நாளுக்குப் பிறகு சட்டப்படி ரிட்ரெஞ்ச்மெண்ட் செய்யலாம். அப்படிச் செய்தால், முன்பு கொடுத்த லே-ஆப் பணத்தை ரிட்ரெஞ்ச்மெண்ட் பணத்தில் கழித்துக் கொள்ளலாம்!

கணக்குக்காக ஒன்று பார்ப்போம். ஒரு தொழிலாளிக்குத் தினச் சம்பளம் 500 ரூபாய். சர்வீஸ் 18 வருஷம். 45 வேலை நாள் லே-ஆப். பாதிச் சம்பளம் 250 வீதம் 11,250 ரூபாய். பிறகு வெட்டுகிறார்கள். வருஷத்துக்கு 15 நாள் வீதம் 270 நாள் சம்பளம், 1,35,000 ரூபாய். அதில் 11,250ஐக் கழித்தால் 1,23,750. ஆக, ஒன்றரை மாதம் பாதிக் கஞ்சி ஊற்றியதாகச் சொன்னார்களே, அந்தக் கஞ்சியையும் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். மாட்டை விற்கும்போது தின்ற வைக்கோலுக்கும் அதன் தோலிலேயே கழித்துக் கொண்ட கதை!

அதோடு முடியவில்லை. லே-ஆப் காலத்தில் குறித்த நேரத்தில் நாளுக்கு ஒரு தடவையாவது ஆஜராகாதவருக்கு அந்த நாளின் நஷ்ட ஈடு இல்லை. “தினமும் வர வேண்டாம்” என்று அந்த மில் ஆபீசு காட்டிய அன்பின் அர்த்தம் இப்போது விளங்குகிறதா?

இன்னொரு மோசடியும் உண்டு. கிராஜுவிடியைக் கொடுத்துவிட்டு, இதுதான் உன் நஷ்ட ஈடு என்கிறார்கள். கிராஜுவிடி தொழிலாளி ஏற்கனவே சம்பாதித்து வைத்த பணம். ரிட்ரெஞ்ச்மெண்ட் நஷ்ட ஈடு வெட்டியதற்கான விலை. இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். மூன்றாவது வித்தை, ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவது. அந்த ஒரு கையெழுத்தோடு தொழிலாளி லே-ஆப் என்ற சொல்லுக்கும் வெளியே, ரிட்ரெஞ்ச்மெண்ட் என்ற சொல்லுக்கும் வெளியே நிற்கிறார். தொழிலாளியே தன் பெயரை அடித்ததாக ஆகிவிடுகிறது.

299 பேர் செய்த பாவம் என்ன?

வெட்டுவதற்கு முன்பு சர்க்கார் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 1976ல் வந்தது. முதலில் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்கு மட்டும். பிறகு 1984 முதல் 100 பேர் உள்ள இடங்களுக்கும். போராடி இறக்கிய அந்த எண்ணை மோடி சர்க்கார் 2020ல் கொண்டு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு மறுபடியும் 300க்கு ஏற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமுலுக்கு வந்துவிட்டது. 1947ம் வருஷத்துச் சட்டம் போய்விட்டது. 300 என்ற எண்ணைச் சர்க்கார் ஓர் அறிவிப்பிலேயே இன்னும் உயர்த்திக் கொள்ளவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டு 60 நாளில் சர்க்கார் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தமாம்! தூங்குகிற அதிகாரியின் குறட்டையும் முதலாளிக்கு உத்தரவாகிவிடும்.

300 பேர் உள்ள மில்லில் அனுமதி வேண்டும். 299 பேர் உள்ள மில்லில் வேண்டாம். அந்த 299 பேர் செய்த பாவம் என்ன? அவர்களுக்கு வயிறு இல்லையா?

இதே தொகுப்பில் ‘பிக்ஸட் டேர்ம்’, அதாவது குறித்த கால வேலை என்ற வலையும் இருக்கிறது. காலம் முடிந்து அனுப்பினால் அது ரிட்ரெஞ்ச்மெண்ட் அல்ல என்று அர்த்தத்திலேயே எழுதிவிட்டார்கள். வெட்டப்பட்டவரைத் திரும்ப எடுக்க முதல் உரிமை உண்டு என்ற பழைய விதியையும் ஒரு வருஷத்துக்குள் என்று சுருக்கிவிட்டார்கள். வெட்டப்படுகிறவருக்கு 15 நாள் சம்பளம் தனி நிதியிலிருந்து வரும் என்பதைப் பெரிய வரப்பிரசாதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பதினெட்டு வருஷத்து வேலையைப் பறித்துவிட்டுப் பதினைந்து நாள் கூலி! வரட்டும், அதையும் விடாமல் வாங்குவோம். ஆனால் வேலியைப் பிடுங்கியவனே ஒரு முள்ளை நட்டுவிட்டுக் காவல் என்று சொன்னால் நம்ப மாட்டோம்.

வயலில் அந்த நாளுக்குப் பெயரே இல்லை

இதுவரை படித்த விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம்: “எங்களுக்கு என்ன சொல் இருக்கிறது?” நியாயமான கேள்வி. லே-ஆப் நஷ்ட ஈடு தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும்தான். மழை இல்லை, தண்ணீர் இல்லை, மிஷின் அறுப்பு வந்துவிட்டது என்று வயலில் வேலை நின்றால் அந்த நாளுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. பெயர் இல்லாததற்குப் பணமும் இல்லை.

ஒரு சொல் ஏழையை எப்படிக் காக்கும், எப்படிக் கைவிடும் என்பதைத் தஞ்சை ஜில்லா அறியும். 1952ல் வந்த தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ‘பண்ணையாள்’ என்ற சொல்லுக்கு ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தது, இஷ்டம் போல் விரட்டக் கூடாது என்றது, கூலியை உயர்த்தியது. செங்கொடி பிடித்து வாங்கிய பலன் அது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்று யாரையும் வைத்துக் கொள்ளாமல் தினக்கூலியாக மாற்றத் தொடங்கினார்கள். ஆளும் அவரே, வயலும் அதுவே, வேலையும் அதுவே. சொல் மட்டும் மாறியது, சட்டம் கைநழுவியது.

தஞ்சையில் பண்ணையாளைத் தினக்கூலி ஆக்கிய அதே புத்திதான், இன்று மில்லில் நிரந்தரத் தொழிலாளியைக் ‘குறித்த கால’ ஆளாக்குகிறது. வெட்டை ‘லே-ஆப்’ என்கிறது. மிராசுதாரும் மில் முதலாளியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அதனால்தான் வயல் தோழரும் மில் தோழரும் இந்தப் பாடத்தைச் சேர்ந்தே படிக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சொல்லைத் தெரிந்து கொண்டால் வேலை வந்துவிடுமா?” என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். வந்துவிடாது. சங்கம் இல்லாமல் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. ஆனால் எதிரியின் கையில் உள்ள கத்தி எது, கயிறு எது என்று தெரியாமல் சண்டைக்குப் போகிற சங்கமும் தோற்கும். நாம் ஒரு தடவை தோற்றோம்.

ஆகவே ஒவ்வொரு மில் கேட்டிலும் இதைச் சொல்லுங்கள்:

நோட்டீசு ஒட்டினால் அன்றே அதன் நகலைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அதில் உள்ள சொல் எது என்று எல்லாரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

லே-ஆப் என்றால் ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் கேட்டில் ஆஜராகுங்கள். மஸ்டர் ரோலில் பெயர் குறித்ததைக் கண்ணால் பாருங்கள். வர வேண்டாம் என்று ஆபீசு சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பதிலி என்று சொல்லி ஒதுக்கினால், ஒரு வருஷத் தொடர்ச்சியான சர்வீஸ் முடித்த பதிலிக்கும் இந்த உரிமை உண்டு என்று எதிர்த்துச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருஷச் சர்வீஸ்.

ரிட்ரெஞ்ச்மெண்ட் என்றால் நாலு கேள்வி கேளுங்கள். நோட்டீசுக் காலம் கொடுத்தாயா? வருஷத்துக்கு 15 நாள் கணக்கு முழுதும் இப்போதே கையில் வந்ததா? என் பிரிவில் எனக்குப் பின்னால் வந்தவர் உள்ளே இருக்கும்போது என்னை ஏன் வெட்டினாய்? எனக்குப் பின் காண்டிராக்டில் புது ஆள் வந்தது எப்படி? ஒன்றுக்குச் சரியான பதில் இல்லை என்றாலும் உடனே தகராறு எழுப்ப வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு. நாலு மாதம் ரேஷன் கார்டுக்குள் காத்திருக்கக் கூடாது.

படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். ‘சொந்த விருப்பம்’ என்ற சொல் உள்ள எந்தத் தாளிலும் சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

அந்தச் சைடர் தோழர் இன்று ஒரு தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறார். மில் சங்கு ஊதும் சத்தம் அங்கேயும் கேட்கிறது. அந்தச் சங்கு அவருக்காக ஊதவில்லை என்பதை ஒரு காகிதத்தில் இருந்த ஒரு சொல் நாலு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தது. படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். இனி எந்தத் தொழிலாளியும் அப்படி ஏமாற விடமாட்டோம்.

பெயரை அடிக்கிற பேனா முதலாளியின் கையில் இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிற பலம் நமது ஒற்றுமையில் இருக்கிறது. தோழர்களே, நோட்டீசைப் படியுங்கள்! சங்கத்தில் சேருங்கள்! மஸ்டர் ரோலில் உங்கள் பெயரைக் காத்து நில்லுங்கள்!